மாயா, ஆஸ்டெக், இன்கா: நாம் பார்ப்பது எலும்பு, தோல் எங்கே?

கேள்வி இதுதான்: மாயா, ஆஸ்டெக், இன்கா மக்களின் கட்டடக்கலை, சிற்பக்கலை பற்றி விரிவாகச் சொல்ல முடியுமா? இரும்பு உளியும் வண்டிச் சக்கரமும் இல்லாமல் அவ்வளவு பெரிய கற்களை எப்படிக் கையாண்டார்கள்? வேற்றுக்கிரகவாசிகள் கட்டிக் கொடுத்தார்கள் என்பதும், நம் மயன்தான் அந்த மாயா என்பதும் உண்மையா?

கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். மயனுக்கும் மாயாவுக்கும் ஒலி ஒற்றுமையைத் தவிர வேறு உறவு இல்லை. ஊரில் இரண்டு பேருக்கு முருகன் என்று பெயர் இருந்தால் அவர்கள் அண்ணன் தம்பி ஆகிவிட மாட்டார்கள். அந்த மக்கள் தங்களை மொத்தமாக 'மாயா' என்று சொல்லிக்கொண்டவர்களும் இல்லை. ஒவ்வொரு நகரத்துக்கும் தனி அரசன், தனிப் பெயர், தனிச் சின்னம். ஸ்பானியர்கள் வந்த பிறகுதான் யுகடான் பகுதியில் புழங்கிய ஒரு பெயர் எல்லோருக்கும் பொதுப் பெயராக ஒட்டிக்கொண்டது. அவர்களுடைய மொழிகள் சுமார் முப்பது இன்றும் உயிரோடு இருக்கின்றன, லட்சக்கணக்கானோர் வீட்டில் பேசுகிறார்கள். அவற்றுக்கும் தமிழுக்கும் குடும்ப உறவு கிடையாது. 'மாயா மக்கள் மர்மமாக மறைந்துவிட்டார்கள்' என்று யூடியூபில் யாராவது தொடங்கினால் அந்த இடத்திலேயே மூடிவிடலாம். கைவிடப்பட்டது பெரிய நகரங்கள்தான், மக்கள் அங்கேயேதான் இருக்கிறார்கள்.

சரி, விஷயத்துக்கு வருவோம். இந்த மூன்று பெயர்களையும் ஒரே மூச்சில் சொல்லிப் பழகியதால் மூன்றும் பக்கத்துத் தெரு என்ற நினைப்பு வந்துவிட்டது. மாயா நகரங்கள் குவாத்தமாலா, பெலிஸ், தெற்கு மெக்சிகோ, ஹோண்டுராஸின் மேற்குப் பகுதி ஆகியவற்றில் இருந்தன. அவற்றின் உச்சக் காலம் சுமார் கி.பி. 250 முதல் 900 வரை. ஆஸ்டெக்குகள், அதாவது தங்களை மெஷிகா என்று அழைத்துக்கொண்டவர்கள், நடு மெக்சிகோவின் ஓர் ஏரிக்குள் 1325இல் ஊரை அமைத்தார்கள், 1521இல் ஸ்பானியர்களிடம் இழந்தார்கள். இன்காக்கள் தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலையில், நாலாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால். அவர்களுடைய பேரரசு 15ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில் எழுந்தது, 1533இல் தலை சாய்ந்தது. மாயா நகரமான டிக்காலின் பெரிய கோயில்களை எழுப்பியவர்களுக்கும் இன்காக்களின் மலையூரான மச்சு பிச்சுவைக் கட்டியவர்களுக்கும் இடையே ஏழு நூற்றாண்டுகள் இருக்கின்றன. 'பழங்கால இன்கா' என்று எழுதும்போது எனக்குக் கொஞ்சம் கூச்சமாகவே இருக்கும். மச்சு பிச்சுவில் கல் அடுக்கிக்கொண்டிருந்த அதே காலத்தில்தான் ஜெர்மனியில் கூட்டன்பர்க் அச்சுப் பொறியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.

இந்த மூன்றைப் பற்றியும் நான் சொல்ல நினைப்பது ஒன்றுதான். படங்களில் நாம் பார்ப்பது எலும்புக்கூடு. சாம்பல் நிறக் கல், பாசி, படிக்கட்டு. அதைப் பார்த்துவிட்டு 'கல்லை எப்படித் தூக்கினார்கள்' என்று மட்டும் கேட்கிறோம். அந்தக் கல்லின் மேல் ஒரு தோல் இருந்தது. மாயாவில் அது சுண்ணாம்பும் நிறமும். ஆஸ்டெக்கில் ஒன்றின் மேல் ஒன்றாகப் போர்த்திய கட்டடங்களும் பறவை இறகும். இன்காவில் வைக்கோலும் துணியும். கட்டியவர்கள் அதிகம் மெனக்கெட்டது பல இடங்களில் அந்தத் தோலுக்குத்தான்.

மாயா நிலம் சுண்ணாம்புப் பாறை. வெட்டி எடுத்த புதிதில் மென்மையாக இருக்கும், காற்றுப் பட்டால் இறுகும். தீக்கல்லாலேயே செதுக்கிவிடலாம், இரும்பு தேவையே இல்லை. அதே கல்லைச் சுட்டால் சுண்ணாம்பு. நம் ஊரில் காளவாய் போடுவதுபோல அவர்கள் பச்சை விறகை வட்டமாக அடுக்கி, மேலே கல்லைக் கொட்டி எரித்தார்கள். பிறகு நீற்றிக் காரை ஆக்கினார்கள். சின்ன வயதில் பொங்கலுக்கு முன்னால் வீட்டில் கிளிஞ்சல் சுண்ணாம்பு நீற்றுவார்கள். தண்ணீர் ஊற்றியதும் பானை கொதிப்பதைத் தள்ளி நின்று பார்த்தவர்களுக்கு அந்த மணம் மறக்காது. அதே வேதியியல்தான். கோப்பான் நகரத்துப் பழைய பூச்சை ஆராய்ந்து 2023இல் வெளியான ஆய்வு ஒன்று, அதில் மரப்பட்டைச் சாறு கலந்திருப்பதாகச் சொன்னது. பூச்சு ஆயிரம் வருடம் தாங்கியதற்கு அதுவும் ஒரு காரணம். கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைச் சேர்த்துக் காரை அரைத்த கொத்தனார் யாராவது உங்கள் குடும்பத்தில் இருந்தால் அவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இந்தக் காரையைத் தரை, சுவர், படி, கூரை எல்லாவற்றின் மீதும் கனமாகப் பூசி, வழவழப்பாகத் தேய்த்து, பல இடங்களில் செங்காவிச் சிவப்பு அடித்தார்கள். முகப்பில் ஆளுயரத்துக்கும் மேற்பட்ட சுதை முகங்கள். காட்டுப் பச்சைக்கு நடுவே ரத்தச் சிவப்பில் ஒரு கோபுரம் என்று நினைத்துப் பாருங்கள். இது வெறும் கற்பனை இல்லை. 1989இல் ஹோண்டுராஸின் கோப்பானில் ரிக்கார்டோ அகுர்சியா என்ற தொல்லியலாளர் 16ஆம் எண் கோயிலுக்குள் சுரங்கம் தோண்டிப் போனபோது, உள்ளே இன்னொரு கோயில் முழுதாக நின்றது. ரோசலிலா என்று பெயர் வைத்தார். மாயாக்கள் பொதுவாகப் பழைய கட்டடத்தின் தலையை இடித்துத் தட்டையாக்கிவிட்டு அதன் மேல் புதியதைக் கட்டுவார்கள். இதை மட்டும் இடிக்கவில்லை. அறைகளைக் கல்லாலும் மண்ணாலும் கவனமாக நிரப்பி, சுதை முகங்களின் மேல் வெள்ளைப் பூச்சுப் பூசி, இறந்தவரைத் துணியில் சுற்றுவதுபோலச் சுற்றிப் புதைத்திருந்தார்கள். அதனால் நிறம் தங்கியது. கோப்பான் அருங்காட்சியகத்தில் அதே அளவில், அதே சிவப்பில் ஒரு நகல் கட்டி வைத்திருக்கிறார்கள். படத்தில் பார்க்கும் பலர் முதலில் முகம் சுளிப்பார்கள், 'இவ்வளவு பளிச்சென்றா?' என்று. ஆமாம், அவ்வளவு பளிச்சென்றுதான்.

மாயா கட்டடத்தின் உள்ளே போகிறவர்களுக்கு இன்னொரு ஏமாற்றம் காத்திருக்கும். வெளியே மலை மாதிரி இருக்கும், உள்ளே அறை நடைபாதை அகலம்தான். காரணம் அவர்களுடைய வளைவு. இரண்டு பக்கச் சுவரிலிருந்தும் கற்களை ஒவ்வொரு வரியாகச் சற்றுச் சற்று முன்னால் துருத்தி, உச்சியில் ஒரு மூடுகல்லால் இணைப்பார்கள். நடுக்கல்லால் பூட்டும் அரைவட்ட வளைவு அவர்களிடம் இல்லை. துருத்தும் முறையில் அகலத்தைக் கூட்டினால் கல் உள்ளே சரியும், எனவே தடிமனான சுவர், குறுகிய அறை. டிக்காலின் முதலாம் கோயில் சுமார் 47 மீட்டர் உயரம், உச்சியில் இருப்பதோ ஒன்றன்பின் ஒன்றாக மூன்று சின்ன அறைகள். 682இல் பட்டமேறிய ஹசாவ் சான் கவீல் என்ற அரசனின் கல்லறை அதன் அடியில் இருக்கிறது. மாயாக்களுக்கு உண்மையான மண்டபம் வெளியே, வெள்ளைக் காரை பூசிய சதுக்கம்தான். கூட்டம் அங்கே, மேடை மேலே, கூரை வானம். படிக்கட்டு ஏறுவதற்குச் செங்குத்தாக இருக்கிறது என்று குறைப்பட்டுக்கொள்கிறவர்கள், கீழே நிற்கும் ஆயிரம் பேருக்கு அது எப்படித் தெரிந்திருக்கும் என்று யோசிக்க வேண்டும்.

வேற்றுக்கிரகவாசி விவகாரம் பலெங்கே என்ற மாயா நகரத்தில் தொடங்குகிறது. அங்கே 'கல்வெட்டுகளின் கோயில்' என்று ஒரு பிரமிடு. அதன் உச்சி அறையில் தரைப் பலகைக் கல் ஒன்றில் அடைப்புக் கல் செருகிய துளைகள் இருப்பதை அல்பெர்ட்டோ ரூஸ் என்ற தொல்லியலாளர் கவனித்தார். கல்லைத் தூக்கினால் கீழே படிக்கட்டு, அடிவரை கல்லும் மண்ணும் அடைத்தது. அதை அள்ளிக் கீழே போய்ச் சேர 1952 ஆகிவிட்டது. அடியில் பக்கால் அரசனின் கல் பேழை, அதன் மேல் சுமார் 3.8 மீட்டர் நீள மூடி. மூடியின் புடைப்புச் சிற்பத்தைப் பக்கவாட்டில் திருப்பிப் பார்த்துவிட்டு, 'ராக்கெட் ஓட்டுகிறான் பார்' என்று கிளப்பிவிட்டார்கள். நேராக நிமிர்த்திப் பாருங்கள். கீழே பாதாளத்தின் திறந்த தாடை. அதன் மேல் மல்லாந்த நிலையில் அரசன். அவன் உடலுக்குப் பின்னால் சிலுவை வடிவில் உலக மரம், உச்சியில் ஒரு பறவை. சாவும் மறுபிறப்பும் பற்றிய படம் அது. பேழையின் பக்கங்களைப் பார்த்தால் ஐயமே இருக்காது. அங்கே அவனுடைய முன்னோர்கள் தரையைப் பிளந்துகொண்டு பழமரங்களோடு முளைக்கிறார்கள், கொக்கோ, கொய்யா, வெண்ணெய்ப் பழம் என்று. தாயின் பெயர்கூட எழுதியிருக்கிறது. 603இல் பிறந்தான், 615இல் பட்டமேறினான், 683இல் இறந்தான் என்று கல்வெட்டே கணக்குச் சொல்கிறது. இவ்வளவு எழுதி வைத்தவர்களிடம் ராக்கெட் இருந்திருந்தால் அதையும் எழுதியிருப்பார்கள்.

எழுத்து என்றதும் நினைவுக்கு வருவது, லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தின் மெக்சிகோ அறையில் இருக்கும் ஒரு சுண்ணாம்புக் கல். யாஷ்சிலான் நகரத்தின் 24ஆம் உத்தரம். வாசல் நிலையின் மேல் கிடந்த கல், அகலம் முக்கால் மீட்டருக்குச் சற்று மேல், நீளம் ஒரு மீட்டரைச் சற்றுத் தாண்டும். செதுக்கிய பக்கம் கீழ்நோக்கி இருந்தது. வாசலில் நின்று அண்ணாந்து பார்த்தால்தான் தெரியும். இடப்பக்கம் அரசன் நீண்ட தீவட்டி பிடித்து நிற்கிறான். வலப்பக்கம் அரசி கபால் ஷோக் மண்டியிட்டிருக்கிறாள். கொஞ்சம் நெருங்கினால் அவள் கையில் ஒரு கயிறு. இன்னும் நெருங்கினால் கயிற்றில் முள். அந்தக் கயிற்றைத் தன் நாக்கில் போட்ட துளை வழியே இழுக்கிறாள். கயிறு கீழே கூடையில் சுருள்கிறது, கூடையில் ரத்தப் புள்ளி விழுந்த தாள்கள். வாயைச் சுற்றிப் பொடிப் பொடியாகப் புள்ளிகள், அதுவும் ரத்தம். நான் முதலில் நின்று பார்த்தது இதையெல்லாம் அல்ல, அவள் உடுத்திய துணியை. சாய்சதுரக் கட்டங்கள், ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் ஒரு பூவேலை, ஓரத்தில் குஞ்சம். தறியில் ஊடு எப்படி ஓடியது என்று ஊகிக்கும் அளவுக்குக் கல்லில் நெய்திருக்கிறார்கள். அந்த ஈர மண்ணில் மாயாத் துணி ஏறக்குறைய எதுவுமே மிஞ்சவில்லை. இந்தக் கல்தான் மிச்சம். குழிகளில் சிவப்பும் நீலமும் இன்னும் லேசாக ஒட்டியிருக்கின்றன. நிகழ்ச்சி நடந்த தேதி கல்லிலேயே இருக்கிறது, நம் கணக்கில் 709 அக்டோபர்.

தேதியும் பெயரும் இப்போது படிக்க முடிகிறது என்றால் அதற்கு ஒரு முரணான கதை உண்டு. தியேகோ தெ லாந்தா என்ற பாதிரியார் 1562இல் மானி என்ற ஊரில் மாயா நூல்களைக் குவித்து எரித்தார். நான்கு நூல்கள் மட்டும் இன்று மிச்சம். அதே மனிதர் மாயா 'அகரவரிசை' என்று நினைத்து எழுதி வைத்த ஒரு குறிப்பை வைத்துத்தான் 1952இல் சோவியத் நாட்டின் யூரி க்னோரோசோவ் அது அசை எழுத்து என்று காட்டினார். பிறகு பூட்டு ஒவ்வொன்றாகத் திறந்தது. சில சிற்பங்களில் செதுக்கியவர்களின் கையொப்பமும் இருப்பது தெரியவந்தது. சில கிண்ணங்களில் வரைந்தவன் அரச குடும்பத்துப் பிள்ளை.

போனம்பாக் என்ற மாயா ஊரின் சுவரோவியங்களைச் சொல்லாமல் போனால் கோபித்துக்கொள்வீர்கள். மூன்று அறைகள், சுமார் 790ஆம் ஆண்டு, சுவரெல்லாம் ஊர்வலம், போர், கைதிகள், கொண்டாட்டம். விரல் நகம் பிடுங்கப்பட்டுக் கையைத் தூக்கிப் பார்க்கும் கைதி ஒருவன் இருக்கிறான், ஒருமுறை பார்த்தால் போதும். அதில் வரும் நீலம் அவுரி இனச் செடியின் சாயத்தை ஒருவகை வெண்களிமண்ணோடு சேர்த்துச் சூடாக்கிச் செய்தது. களிமண்ணின் நுண்துளைகளுக்குள் சாயம் பூட்டிக்கொள்வதால் அமிலம் ஊற்றினாலும் எளிதில் போகாது.

ஆஸ்டெக் பக்கம் போனால் நிலமே வேறு. அவர்களுடைய தலைநகர் தெனோச்தித்லான் ஏரி நடுவே ஒரு சதுப்புத் தீவு. கல்லும் மரமும் கரையிலிருந்து படகில் வர வேண்டும். சேற்றில் மரக் கழிகளை அடர்த்தியாக அறைந்து, அதன் மேல் தெசோந்த்லே என்ற செந்நிற எரிமலைக் கல்லைப் போட்டார்கள். நுரை மாதிரித் துளைகள் நிறைந்த கல், அதனால் எடை குறைவு. அப்படியும் கட்டடம் அமிழும், ஏரி ஏறும். அதனாலும், புதிய அரசன் தன் பெயரை நாட்ட வேண்டும் என்பதாலும், தலைமைக் கோயிலைத் திரும்பத் திரும்பப் பெரிதாக்கினார்கள். வெங்காயம் மாதிரி ஏழு கட்டங்கள், ஒன்றுக்குள் ஒன்று. ஸ்பானியர்கள் இடித்தது வெளித்தோலைத்தான். உள்ளே இருந்த இரண்டாம் கட்டத்தின் உச்சி, இரட்டைச் சன்னதிகளோடு அப்படியே தப்பித்தது. தெற்கில் போர்த் தெய்வம் ஹுயிட்சிலோபோச்த்லி, வடக்கில் மழைத் தெய்வம் த்லாலோக். த்லாலோக் சன்னதி முன்னால் நிறம் பூசிய ஒரு சாய்ந்த உருவம் கையில் கிண்ணத்தோடு இன்னும் காத்திருக்கிறது.

இந்தக் கோயில் எங்கே இருந்தது என்பது ஏறக்குறையத் தெரிந்தும், மேலே மெக்சிகோ நகரம் உட்கார்ந்திருந்ததால் முழுதாகத் தோண்ட முடியவில்லை. 1978 பிப்ரவரி 21, விடியற்காலை. கேபிள் பதிக்கப் பள்ளம் வெட்டிய மின்வாரியத் தொழிலாளர்களின் மண்வெட்டி ஒரு கல்லில் தட்டியது. மூன்றே கால் மீட்டர் விட்டமுள்ள வட்டக் கல், அதில் தலை, கை, கால் துண்டிக்கப்பட்ட ஒரு பெண். கொயோல்ஷாவ்கி. கதைப்படி அவள் ஹுயிட்சிலோபோச்த்லியின் அக்காள். தாயைக் கொல்ல வந்தவளை, பிறந்த கணமே ஆயுதத்தோடு வந்த தம்பி வெட்டி மலையிலிருந்து உருட்டிவிட்டான். அந்தக் கல் எங்கே கிடந்தது தெரியுமா? போர்த் தெய்வத்தின் படிக்கட்டு அடியில். கோயில்தான் அந்த மலை. மேலே பலியிட்ட உடல் படி வழியே உருண்டு இவள்மேல் வந்து விழும். கதை, கட்டடம், சடங்கு மூன்றும் ஒரே வரைபடத்தில் போட்டவை. கொடூரம்தான், அதை மழுப்ப வேண்டியதில்லை. ஆனால் சிற்பத்தை எங்கே வைப்பது என்று இவ்வளவு துல்லியமாக யோசித்த கட்டடக்கலை உலகத்தில் குறைவு.

அவர்களுடைய சிற்பிகள் இன்னொன்றும் செய்வார்கள்: யாரும் பார்க்காத இடத்திலும் செதுக்குவார்கள். கோவாத்லிக்குயே சிலை, அந்தத் தாய்த் தெய்வம், 1790 ஆகஸ்ட் 13இல் பெரிய சதுக்கத்தில் கிடைத்தது. இரண்டரை மீட்டருக்கு மேல் உயரம். வெட்டுண்ட கழுத்திலிருந்து எழும் இரண்டு பாம்புகள் எதிரெதிரே முட்டி ஒரே முகமாகின்றன. மாலையில் அறுத்த கைகளும் இதயங்களும், பாவாடை முழுவதும் பின்னிய பாம்புகள். சிலையின் அடிப்பாகத்தில், தரையோடு ஒட்டிக்கிடக்கும் பக்கத்தில், பூமித் தெய்வத்தின் உருவம் முழு வேலைப்பாட்டோடு இருக்கிறது. நிறுத்திய பிறகு மனிதக் கண் அதைப் பார்க்க வழியில்லை, பூமி பார்த்தால் போதும். கண்டெடுத்த பின் மக்கள் பூவும் மெழுகுவத்தியும் கொண்டுவரத் தொடங்கியதும் அதிகாரிகள் பயந்து திரும்பப் புதைத்துவிட்டார்கள். 1803இல் ஹம்போல்ட் என்ற ஜெர்மன் அறிஞர் பார்க்கக் கேட்டதற்காக ஒருமுறை தோண்டிக் காட்டிவிட்டு மறுபடியும் மூடினார்கள்.

அதே 1790 டிசம்பரில் கிடைத்ததுதான் சூரியக் கல். 3.6 மீட்டர் விட்டம், சுமார் 24 டன். பனியனிலும் காபிக் கோப்பையிலும் பார்த்திருப்பீர்கள். 2012இல் உலகம் அழியப்போகிறது என்று ஊரெல்லாம் பேசியபோது 'மாயா நாட்காட்டி' என்று பத்திரிகைகள் போட்ட படமும் இதுதான். மாயாவும் இல்லை, நாள் பார்க்கும் காலண்டரும் இல்லை. நடுவே நாக்கு நீட்டிய முகம், அதைச் சுற்றி இதற்கு முன் அழிந்த நான்கு சூரிய யுகங்கள், வெளியே இருபது நாட்குறிகள். மஞ்சளும் சிவப்பும் பூசியிருந்தது. நடு மெக்சிகோவின் தியோதிவாக்கான் என்ற பழைய நகரத்தின் பிரமிடுகளை ஆஸ்டெக் கட்டியதாகச் சுற்றுலாத் தளங்கள் சொல்வதும் தவறு. அவை ஆயிரம் வருடத்துக்கும் மேல் மூத்தவை. ஆஸ்டெக்குகளே அங்கே யாத்திரை போனார்கள், அங்கிருந்து பழம்பொருள் தோண்டி வந்து தங்கள் கோயிலில் காணிக்கையாகப் புதைத்தார்கள்.

அவர்களிடம் கேட்டால் கல்லைவிட உயர்ந்த கலை இறகு வேலை என்றிருப்பார்கள். அமந்தேக்கா என்ற தனிக் கைவினைஞர் கூட்டம் கெட்ஸல் பறவையின் பச்சை வால் இறகையும் தேன்சிட்டு இறகையும் கட்டி, ஒட்டி, அசைந்தால் மின்னும் கேடயமும் தலையணியும் செய்தது. அப்படி ஒரு தலையணி வியன்னா அருங்காட்சியகத்தில் இருக்கிறது, ஒன்றே முக்கால் மீட்டர் அகலம். அதிர்ந்தால் உதிர்ந்துவிடும் என்பதால் மெக்சிகோ கேட்டும் இடம் பெயர்க்கவில்லை. ஆஸ்டெக்குகளை வென்ற ஸ்பானியத் தளபதி கோர்த்தேஸ் அனுப்பிய பொருள்களை 1520இல் பிரஸ்ஸல்ஸில் பார்த்த ஜெர்மன் ஓவியர் ட்யூரர், தன் வாழ்நாளில் மனதை இவ்வளவு மகிழ்வித்த எதையும் கண்டதில்லை என்று நாட்குறிப்பில் எழுதினார். தட்டான் மகன், உலோக வேலை தெரிந்தவர். அவர் பார்த்த தங்க வேலை பெரும்பாலும் உருக்கப்பட்டுவிட்டது.

இனி இன்கா, அந்த 'கத்தி முனைகூட நுழையாது' சுவர்கள். ஜான்-பியர் புரோட்சென் என்ற கட்டடக்கலைப் பேராசிரியர் பெருவின் பழைய கல் குவாரிகளுக்கே போய் உட்கார்ந்து பார்த்தார். அங்கே வேறு இடத்துக் கெட்டியான உருட்டுக் கற்கள் சிதறிக் கிடந்தன. அவற்றில் சில கிலோ எடையுள்ள ஒன்றை எடுத்து, ஆண்டிசைட் என்ற எரிமலைக் கல் ஒன்றின் மேல் விழவிட்டு, பிடித்து, மறுபடி விழவிட்டுச் செதுக்கினார். கல் தானே துள்ளி எழும்பும், கையின் வேலை திசை காட்டுவது மட்டும். 25க்கு 25க்கு 30 சென்டிமீட்டர் கல்லின் மூன்று பக்கங்களை முடிக்க அவருக்கு ஒன்றரை மணி நேரம் ஆனது. இவர் ஒரு பேராசிரியர், தலைமுறை தலைமுறையாகச் செய்த கல்தச்சர் இல்லை. அம்மி கொத்துகிறவரைப் பார்த்திருந்தால் உங்களுக்கு உடனே பிடிபடும். இன்காத் தலைநகர் குஸ்கோவின் சுவர்களில் கையை வைத்துத் தடவினால் அதே பொளிந்த புள்ளிகள். நடுவில் புள்ளி பெரிதாகவும், ஓரம் நெருங்க நெருங்கச் சிறிதாகவும் இருக்கும், ஏனென்றால் விளிம்பு உடையாமல் இருக்கச் சின்னக் கல்லுக்கு மாறியிருக்கிறார்கள்.

பொருத்துவது எப்படி? கீழ்க் கல்லின் மேல்முகத்தை, மேலே வரப்போகும் கல்லின் அடிக்கு ஏற்பக் குழித்தார்கள். வைத்துப் பார், பொருந்தாத இடம் பொடியில் தடம் காட்டும், தூக்கு, கொத்து, மறுபடி வை. பொறுமைதான் சூத்திரம். ஒல்லாந்தைதாம்போ என்ற இன்கா ஊரில் பெரிய கற்கள் ஆற்றுக்கு அந்தப் பக்கத்து மலையிலிருந்து இழுத்து வரப்பட்டவை. அவற்றின் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்து, நீளவாக்கில் கீறல்களோடு இருக்கிறது. சரளை பரப்பிய பாதையில் கயிறு கட்டி இழுத்த தடம். வழியிலேயே விட்டுப்போன கற்கள் இன்றும் கிடக்கின்றன. உள்ளூர்க்காரர்கள் அவற்றைச் 'சோர்ந்துபோன கற்கள்' என்பார்கள். கட்டியவர்கள் வேறு கிரகத்திலிருந்து வந்திருந்தால் பாதி வழியில் போட்டுவிட்டுப் போயிருக்க மாட்டார்கள். சக்கரம் பற்றி ஒரு வார்த்தை: மெக்சிகோவில் சக்கரம் வைத்த களிமண் பொம்மைகளே கிடைத்திருக்கின்றன, எனவே அந்த யோசனை தெரியாததல்ல. இழுக்க மாடோ குதிரையோ இல்லை. ஆண்டிஸின் லாமா முப்பது கிலோவுக்கு மேல் வைத்தால் படுத்துக்கொள்ளும். படிக்கட்டுப் பாதைகள் நிறைந்த மலையில் வண்டியை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

சுவர்கள் சற்று உள்நோக்கிச் சாய்ந்திருக்கும், வாசலும் மாடமும் மேலே குறுகிக் கீழே அகலும். 1950இல் குஸ்கோவில் நிலநடுக்கம் வந்தபோது சாந்தோ தொமிங்கோ தேவாலயம் பெருத்த சேதமடைந்தது. அது எந்தக் கோயிலின் மேல் உட்கார்ந்திருந்ததோ, அந்த கோரிகாஞ்சாவின் இன்காச் சுவர் அசையாமல் வெளியே தெரிந்தது. மச்சு பிச்சு பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள், ஒன்று மட்டும் சொல்கிறேன். ஆண்டுக்கு ஏறக்குறைய 2,000 மில்லிமீட்டர் மழை பெய்யும் முகட்டில் அது ஐந்து நூற்றாண்டுகளாக வழுக்காமல் நிற்பதற்குக் காரணம் கண்ணுக்குத் தெரியாத வேலை. படித்தளங்களுக்கு அடியில் பெருங்கல், சரளை, மணல் என்று அடுக்கி நீரை வடிய விட்டிருக்கிறார்கள். ஊற்று நீர் ஒரு கால்வாயில் வந்து பதினாறு தொட்டிகளில் ஒன்றிலிருந்து ஒன்றுக்கு இறங்குகிறது.

இன்காக் கல்லின் மேல் பூச்சு இல்லை, சிற்பம் அரிது. அப்படியானால் அலங்காரம் எங்கே? கோரிகாஞ்சாச் சுவரில் தங்கத் தகடு பதித்திருந்தார்கள், அது 1533இல் உருகிப்போனது. கூரைகள் இச்சு என்ற மலைப்புல்லால் அடர்த்தியாக வேய்ந்தவை, 1536இல் இன்காப் படையே குஸ்கோவை முற்றுகையிட்டபோது காய்ச்சிய கற்களைக் கவணில் எறிந்து அவற்றைக் கொளுத்தியது. கூரையில்லாத மச்சு பிச்சுதான் நமக்குத் தெரியும். எல்லாவற்றுக்கும் மேலே துணி. கும்பி என்ற மெல்லிய நெசவு அவர்களுக்குத் தங்கத்தைவிட உயர்ந்தது. அரசன் பரிசாகக் கொடுப்பது துணி, படைக்குக் கூலி துணி, தெய்வத்துக்கு எரிப்பது துணி. வாஷிங்டனில் ஒரு மேலாடை இருக்கிறது, ஒரு மீட்டருக்கும் குறைந்த உயரம், முழுவதும் சின்னச் சதுரங்கள், ஒவ்வொன்றிலும் ஒரு வடிவம். அந்த வடிவங்களில் ஒன்று கறுப்பு வெள்ளைச் சதுரங்கக் கட்டமாக இருக்கும். அதுவே படைவீரர்களின் சீருடை வடிவம், 1532இல் பெருவின் காஹமார்க்கா நகரில் அதை அணிந்து வந்தவர்களைப் பார்த்த ஸ்பானியர் ஒருவர் எழுதி வைத்திருக்கிறார். ஒரு படையின் உடையையே விரல் அகலத்துக்குச் சுருக்கி, அந்த மேலாடையில் வைத்திருக்கிறார்கள்.

நாரும் நூலும்தான் அவர்களுடைய பொறியியலும். ஆறுகளைத் தாண்டியது கல் பாலத்தால் அல்ல, புல் கயிற்றால். அப்பூரிமாக் ஆற்றின் மேல் கெஸ்வாச்சாக்கா என்ற இடத்தில் அப்படி ஒரு பாலம் இன்னும் இருக்கிறது, முப்பது மீட்டருக்குச் சற்றுக் குறைவு. ஒவ்வொரு ஜூனிலும் பக்கத்துச் சமூகங்கள் கூடுகின்றன. குடும்பங்கள் தங்கள் பங்குக் கயிற்றைக் கொண்டுவர வேண்டும், பெண்கள் புல்லை முறுக்குகிறார்கள், ஆண்கள் அந்தக் கயிறுகளைத் தொடை அளவு வடமாகப் பின்னுகிறார்கள். கொரோனாவில் 2020ஆம் ஆண்டு வேலை நடக்கவில்லை, 2021 மார்ச்சில் பாலம் அறுந்து விழுந்தது. ஜூனில் மறுபடி கட்டிவிட்டார்கள். மற்ற வருடங்களில் அறுந்து விழக் காத்திருப்பதில்லை. பழைய பாலத்தை அவர்களே வெட்டி ஆற்றில் விடுவார்கள், அது மக்கும் புல், தண்ணீர் கொண்டுபோய்விடும். பிறகு இரண்டு கரையிலும் நின்று புதிய வடத்தை இழுத்துக் கட்டத் தொடங்குவார்கள்.